சர்வர் முதலில் சொன்ன வரி

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இன்று காலை எங்கள் டேட்டாபேஸ் சர்வர் எழுந்திருக்க மறுத்தது. அதனால்தான் இந்தக் கதை. முதலில் எழுதிய தொடக்கம் வேறு. "அவள் போன பிறகு அலுவலகம்..." (அடித்துவிட்டேன். அலுவலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆனது.)

2

அவள் என்னோடு சர்வர்களைக் கவனித்துக்கொண்டவள். நாங்கள் அவளை அவசரக்குடுக்கை என்போம். அவள் என்னை ஆமையாரே என்பாள். ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கேட்க வேண்டியதை நான் கேட்கவே இல்லை. இரண்டு வருடம் முன்பு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கடைசி நாளில் பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஆமையாரே, என்னைக்காவது சர்வர் மக்கர் பண்ணா, அது முதல்ல என்ன சொல்லுதுன்னு பாருங்க."

வேலை விஷயம் என்று தலையாட்டினேன். மரமண்டை.

3

சர்வர் தனக்கு நடப்பதை எழுதிவைக்கும் லாக் ஃபோல்டரில் இன்றைய தேதிக்கு ஒரு வரிகூட இல்லை. மறுபடி எழுப்பினேன். இல்லை. நான்கு முறை ஆயிற்று. மேனேஜர் பின்னால் வந்து நின்றார்.

"எங்கதாங்க எழுதுது அது?"

"அதைத்தான் சார் தேடிட்டிருக்கேன்."

(குறிப்பு: சர்வர் தன் லாக்கைத் திறக்கவே கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்கு முன் பேசுவதெல்லாம், அதை எழுப்பும் ஸ்கிரிப்ட் என்கிற சின்ன நிரல் கைகாட்டுகிற இடத்துக்குப் போகும். இதை மறந்து லாக் ஃபோல்டரையே முறைத்துக்கொண்டிருப்பது எங்கள் தொழிலில் சகஜம்.)

ஸ்கிரிப்டை எழுதியவள் அவள். ஓடுகிற வரைக்கும் யார் திறந்து பார்த்தோம்? இன்று திறந்தேன். முதல் வரிகள் அவளுடைய பழைய ஃபோல்டரில் ஒரு ஃபைலுக்குப் போய்க்கொண்டிருந்தன. கோளாறின் காரணமும் அங்கேயே எழுதியிருந்தது: மெஷினில் இருப்பதைவிட அதிக மெமரி கேட்கும்படி நேற்று நான்தான் மாற்றி வைத்திருந்தேன். குறைத்தேன். எழுந்துவிட்டது.

ஆனால் ஒவ்வொரு முறை எழுப்பியபோதும் விழுந்த வரிகளுக்கு மேலே, அவள் ஸ்கிரிப்டே எழுதிய வரி ஒன்று:

"ஆமையாரே, கேட்டா சரின்னுதான் சொல்லுவேன்."

இரண்டு வருடத்தில் பத்தொன்பது முறை. அதில் இன்று காலை மட்டும் ஐந்து.

4

"அந்தப் பழைய ஃபோல்டரை அழிச்சிடுங்க. இனிமே எல்லாம் ஒரே இடத்துக்கு வரட்டும். மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

அவளுக்கு ஃபோன் செய்தால் இந்தக் கதை எப்படி முடியும் என்று எழுதிப் பார்த்தேன்.

அ) அவளே எடுத்து, "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்கிறாள். (சினிமா. அடித்தேன். மூன்று தடவை படித்துவிட்டுத்தான் அடித்தேன்.)

ஆ) ஓர் ஆண்குரல். "அவங்க வெளிய போயிருக்காங்க. யாருன்னு சொல்லட்டும்?" நான் அதற்கு... (கை ஓடவில்லை.)

எனக்கு அவள் வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்கு நான்கு பகுதி சுற்றி வந்திருக்கிறேன், பாருங்கள்.

5

ஃபோல்டரை அழிக்கவில்லை. அவள் எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

எடுப்பது யார் என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம்; ஆமையாக இருந்து கெட்டது நான் ஒருவன் போதும்.