குணமணியின் நாலு வருஷம்

பதுளை ஆசிரியர் கலாசாலையில் அப்போது ஒரு வழி இருந்தது. பயிற்சி இல்லாமலே நெடுங்காலம் படிப்பித்தவர்கள் ஒரு பாடம் நடத்திக் காட்டலாம். அனுபவத்தில் கற்றது போதுமென்று கண்டால் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வார்கள். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் தலைமையாசிரியர் ஜெயரட்ணமும் அவர் மனைவி குணமணியும் போய் நடத்திக் காட்டினார்கள். ஜெயரட்ணத்துக்கு முதலாம் ஆண்டுதான் என்று முடிவானது; குணமணியின் முடிவு நிலுவையில் நின்றது.

கலாசாலை அதிபர் சரவணமுத்து ஜெயரட்ணத்தைத் தனியே அழைத்தார்.

"உம்முடைய மனுசி நல்லாய்ப் படிப்பிக்கிறா. நாலு வருஷமாய்ச் சம்பளமில்லாமல் சின்ன வகுப்பை நடத்தினதெண்டு சொல்லுறா. உண்மையோ?"

உண்மைதான். ஆனால் அவள் மேல்வகுப்பிலும் தான் கீழ்வகுப்பிலுமா? ஜெயரட்ணத்துக்கு வயிறு எரிந்தது.

"படிப்பிச்சவ எண்டு சொல்லேலாது, சேர். பிள்ளையள் அழாமல் பாத்துக்கொண்டவ."

வாசலில் நின்ற குணமணிக்கு அது கேட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவள் சொன்னாள்.

"நான் படிப்பிக்கேல்லையெண்டால் நாளைக்கு ஒரு குறையும் இராதுதானே. நீங்களே வகுப்பை எடுங்கோ."

எடுத்தார். சின்னதுகள் அவரைக் கண்டு மிரண்டன. பிள்ளையை விட வந்த ஒரு தாய் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"டீச்சரம்மா வரலீங்களா? அப்ப புள்ளயக் கூட்டிட்டுப் போறேங்க."

அது அவரை இன்னும் எரித்தது. இத்தனை காலம் தலைமையாசிரியராக இருந்தும் அவரை இப்படி யாரும் தேடியதில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் மாலை வீட்டுப் பின்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. குணமணி தரையில் கரித்துண்டால் எழுத, அவரிடம் வாயே திறக்காத ஒரு சிறுமி உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் சுவர் மறைவில் நின்று முழுவதையும் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் அவரைக் குத்தியது. இனி அவள் படிப்பித்ததை இல்லையென்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை.

மறுநாள் பதுளைக்குப் பஸ் ஏறினார்.

"அண்டைக்கு நான் பொய் சொன்னனான், சேர். அவதான் படிப்பிச்சவ."

"பிறகேன் அப்பிடிச் சொன்னனீர்?"

"எரிச்சல்."

குணமணி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாள். முதல்நாள் கூட்டத்தில் மேல்வகுப்பார் முன்வரிசையில் நின்றார்கள். பின்னால் முதலாம் ஆண்டாரோடு நின்ற ஜெயரட்ணத்துக்கு அவளுடைய கொண்டை மட்டும் தெரிந்தது. எரிச்சல் அடங்கவில்லை. இடைவேளையில் அவளே அவரைத் தேடி வந்தாள்.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம்" என்றார், சாப்பிடாமலே.

அவள் நம்பவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வகுப்புக்குப் போனாள்.