செல்லாத விரல்கள்

இந்த ஆள் கொழுந்து கிள்ளுகிற ஒரு விரலையாவது தொட்டுப் பார்த்திருப்பானா? மாட்டான். அந்தக் கைக்கு ஃபைலைத் தூக்குவதே பெரிய பாரம்.

மனசுக்குள் இப்படி ஓட, "உக்காருங்க சார்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள் சந்தனமேரி. வண்டிப்பெரியாருக்கு மேலே, தேயிலை எஸ்டேட்டுக்கு நடுவிலிருந்த அரசு சுகாதார நிலையத்தில் அவள் பதினோரு வருஷமாகத் தற்காலிக நர்ஸ். வந்திருந்தவர் டாக்டர் ஷிஜு. ஊசி குத்தாமல், விரலில் கிளிப் மாதிரி மாட்டியே ரத்தசோகையைச் சொல்லும் கருவியொன்றை அரசு நாடு முழுக்க வாங்கலாமா என்று டெல்லிக் குழுவுக்கு அறிக்கை எழுதுகிறவர். அட்டைப்பூச்சிக்குப் பயந்து முழங்கால்வரை சாக்ஸ் மாட்டியிருந்தார். சிமெண்டுத் தரையிலும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டார்.

போன மழைக்கு முன்னால் நூற்றெண்பது பெண்களுக்குக் கருவியாலும் பார்த்து, ரத்தம் எடுத்தும் பார்த்தவள் அவள்தான். அறுபத்தொரு பேருக்குக் கருவி கூட்டிச் சொன்னது. அத்தனை பேருக்கும் தேயிலைக் கறை நகத்துக்குள் ஊறி, விரல் நுனி கறுத்துக் கிடந்தது. கொழுந்து கிள்ளும் அழகுத்தாய்க்கு ஹீமோகுளோபின் பன்னிரண்டு என்றது கருவி. ரத்தம் ஏழு என்றது. ரத்தத்தை நம்பியதால்தான் அவள் இன்றைக்கு எழுந்து நடக்கிறாள்.

போன அறிக்கையில் அந்த அறுபத்தொரு பேரையும் காணோம். 'அளவீடு செல்லாது' என்று தூக்கிவிட்டார்கள்.

"ஏன் விட்டீங்கன்னு டெல்லியில கேக்கறாங்க சிஸ்டர்." ஷிஜு ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். "நீங்க விரலைச் சரியா கழுவலைன்னு ஒரு வரி. ஒப்பு போட்டா மதி, கையெழுத்து மட்டும் போதும்."

"கழுவினேனே சார். சோப்பு, எலுமிச்சம்பழம், கடைசியில மண்ணெண்ணெய். கழுவிப் போற கறையா அது?"

"குத்தம் சொல்லலை. எல்லா ஸ்டடியிலும் உள்ள சின்ன எரர்தானே."

"அறுபத்தொண்ணு சின்னதா சார்?"

"உங்க எஸ்டேட்டை மட்டும் பாத்தா ஒரு மெஷினும் வாங்க முடியாது சிஸ்டர்."

மாத்திரைக்காக மற்ற பெண்களோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அழகுத்தாய் உள்ளே எட்டிப் பார்த்தாள். "எங்கையி மெசினுக்குப் பிடிக்கலையாக்கும். வேற கை வாங்கி மாட்டிக்கிடவா சிஸ்டரு?"

பெஞ்சே சிரித்தது. ஷிஜு போனை எடுத்துப் பார்த்தார்.

"அடுத்த ரிப்போர்ட்டுல உங்க பேரு முன்னாடி வரும்" என்றார் குரலைத் தாழ்த்தி. "கான்ட்ராக்ட்டும் மார்ச்சோட முடியுதில்லே?"

பேர். போன அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், 'சந்தனமேரி, களப்பணி' என்று இருந்தது. அதைப் போட்டோ எடுத்துக் கம்பம் ஊரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பியிருந்தாள். மற்ற பக்கங்களை அன்றைக்குப் புரட்டக்கூட இல்லை. இவ்வளவு மலிவாகவா கிடைத்தேன் இவனுக்கு? காலையிலிருந்து அந்த ஆள்மேல் ஏறிக்கொண்டிருந்த அருவருப்பில் பாதி தன் பக்கம் திரும்பியது.

கருவி வந்தால் ஊசி போய்விடும். இன்னொரு அழகுத்தாயிடம் பன்னிரண்டு இருக்கிறது, கொழுந்து கிள்ள மலைக்குப் போ என்பார்கள். அவளும் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள், எங்கே விழுகிறாளோ அதுவரை.

தாளை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்துவிட்டு அவருடைய ஃபைலுக்குள்ளேயே சொருகினாள்.

"கழுவினேன் சார். கழுவலைன்னு எழுத மாட்டேன்" என்றாள். குரல் உயரவில்லை. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வெளியில இருக்கவங்களுக்கு ரத்தம் எடுக்கணும்."