அசர் நேரத்து இலையான்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்துப் பத்தாம் நாள், கல்முனைக் கரையில் இருந்த இலையான் அத்தனையும், ஓர் ஈ மிச்சமில்லாமல், முத்தலிபிடம் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு ஊரில் இறைச்சிக் கடையிலோ, சீனிச் சாக்கிலோ, தொட்டில் பிள்ளையின் வாயிலோ ஓர் இலையான் உட்காரவில்லை. முத்தலிப் கருவாட்டு வாடியில் மீன் கீறுகிற கூலியாள். சூறாவளியில் சுவர் விழுந்து அவன் மனைவி நாச்சியா மௌத்தானாள். இந்தக் கரையில் வீடு பெண்ணுடையது. கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டுக்குப் போய்த்தான் இருப்பான். ஆகவே நாச்சியாவோடு அவனுக்கு வீடும் போயிற்று. வாடிக்குத் தெற்கே ஒரு கிடுகுக் குடிலில் தனியே கிடந்தான். இலையான்கள் அங்கேதான் வந்தன.

நாற்றத்துக்கு வருகின்றன என்று நினைத்துச் சவுக்காரம் போட்டு நாலு தரம் குளித்தான், அத்தர் பூசினான். சுகாதாரக்காரர் வந்து மருந்தடித்தார். செத்ததை அள்ளிக் கொட்டினார்கள். மறுநாள் அதேயளவு வந்தது. கருவாட்டில் புழு வைக்கவில்லை என்பதை முதலில் கண்டவர் வாடி முதலாளி அபூசாலி. "நீ இனி மீன் கீற வேணாம் முத்தலிப். சும்மா இரி. நீ இரிக்கிறதுதான் வேலை" என்றார். மூன்று வேளைச் சாப்பாடும் வந்தது. கொண்டு வருகிறவர்கள் தூரத்தில் வைத்துவிட்டு ஓடினார்கள். ஊரில் எல்லாரும் அவனைப் பற்றி நல்லதாகவே கதைத்தார்கள், நாற்பது அடி தள்ளி நின்று. ஜும்ஆவுக்கும் அவன் கடைசி வரிசைக்கு நாற்பது அடி பின்னால், மணலில்தான் நின்றான்.

கதைக்க ஆளில்லாததால் இலையானைப் பார்த்துக்கொண்டிருந்தான். முட்டை குறுணல் அரிசி போல் இருக்கும். பத்து நாளில் அது இலையானாகும், ஒரு மாதத்தில் சாகும். கச்சான் காற்றடித்தால் பறக்காமல் நடக்கும். இருட்டினால் கயிற்றில் வரிசையாகத் தூங்கும். முதலில் வந்தவை அந்த ஆண்டு முடியுமுன்பே செத்துப்போயின. அவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவனை விடவில்லை. நாச்சியாவை அறியாத இலையான்கள் அவை.

எண்பத்தொன்றில் பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்காயர்மாரிடம் போய், தூரத்தில் நின்று, தனக்கொரு பெண் பார்க்கச் சொன்னான்.

"பொண்ணுக்கென்ன பஞ்சம் தம்பி? மாப்பிள்ள பொண் ஊட்டுக்குத்தானே வரணும். இலையானையும் கூட்டிட்டு வருவியா? இல்ல, அதுகளுக்கும் சீதனம் கேப்பியா?"

சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டுத் திரும்பினான். அந்த வாரம் அவனுக்குக் கந்தூரிச் சோறு கூடுதலாக அனுப்பினார்கள்.

சுல்பிகா அதே வாடியில் மீன் காயப்போடுகிறவள். அவள் வீட்டையும் சூறாவளி கொண்டுபோயிருந்தது. வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. உம்மாவின் தங்கையான சாச்சியின் அடுப்படிக் குசினியில் படுத்தெழும்பினாள். எண்பத்து மூன்றில் ஒருநாள், சாப்பாடு கொண்டு போகிறவருக்குக் காய்ச்சல் என்று, பின்னேரம் அசர் தொழுகை நேரத்துத் தேத்தண்ணியும் ரொட்டியும் அவள் எடுத்துப் போனாள். சுடுமணலில் இரண்டு தரம் நடக்கப் பஞ்சிப்பட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கெதியாத் தின்னுங்க. கோப்பையக் கொண்டு போகணும்."

"இலையான் மொய்க்கும் புள்ள, தள்ளி இரிங்க."

"எங்க இலையான்?"

அவன் கையைப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அந்த நேரம் அவை ஊருக்குள் இருந்தன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இலையானைக் கண்டதில்லை. கருஞ்சீரகம் பறக்கிறது என்று கத்தினார்கள். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு கேட்டதும் அவள் எழும்பினாள். எல்லாம் திரும்பி வந்தன.

மரைக்காயர்மாரிடம் அவளே போனாள். "எனக்கு ஊடில்ல. அவருக்கு ஊட்டுக்குள்ள வர ஏலா. எங்க ரெண்டு பேரையும் வேற ஆரு கேக்கப்போற?" மரைக்காயர்மார் நிக்காஹ்வை நடத்தி வைத்தார்கள். அபூசாலி ஒரு நிபந்தனை வைத்தார்: "முழு நாளும் நீ அங்க இருந்தா ஊரு நாறிரும் புள்ள. அசருக்குப் போ, மஃரிபுக்கு வந்திரு." அதுவும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் முத்தலிப் தலையாட்டினான்.

நாலு ஆண்டுகள் அப்படி நடந்தது. அசர் பாங்கு கேட்டதும் கடைக்காரர் தட்டுகளுக்கு மேல் கொசுவுக்குக் கட்டுகிற பழைய நுளம்பு வலையைப் போடுவார்கள். இலையான் வந்தால் சுல்பிகா போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். புருஷனும் பெண்சாதியும் சண்டை பிடித்தால் இரண்டு மூன்று இலையான் திரும்பிப் போய் அவன் முழங்காலில் உட்காரும். "இஞ்ச பாருங்க, ஒங்கட ஆக்கள் வந்திட்டாங்க" என்பாள். அவன் சிரிப்பான், அவை எழும்பிவிடும்.

எண்பத்தேழில் ஒரு செவ்வாய்க்கிழமை அசருக்கு வலை போட்டார்கள். இலையான் வரவில்லை. இறைச்சிக்காரர் வலையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். அபூசாலி தெருவில் இறங்கிக் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் சாச்சி வீட்டுக்கு நடந்தார்கள். மத்தியானம் லுஹருக்குப் பிறகு படுத்த சுல்பிகா அந்தப் பாயிலேயே மௌத்தாகிக் கிடந்தாள். குடிலில் முத்தலிப் இரண்டு பேருக்குப் பாய் விரித்து, மேலெல்லாம் இலையானோடு இருந்தான்.

ஜனாஸாவுக்குப் பின்னால் நாற்பது அடி தள்ளி நடந்தான். அன்றைக்கு யாரும் அவனைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

இப்போதும் அசருக்கு அவன் பாய் விரிக்கிறான். இலையான்கள் அவன் மேல் இருக்கின்றன. பாயின் மற்றப் பாதியில் ஒன்றும் உட்காருவதில்லை. ஊரிலும் அந்த நேரத்துக்கு வலை போடுகிறார்கள். பொத்துவில் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், இலையானே இல்லாத ஊரில் வலை எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

"அசராயிட்டே," என்றார் கடைக்காரர். "சுல்பிகா போற நேரம்."