தெற்கே தங்கிவிட்ட உயர் அழுத்தம்

ஜூலை பிறந்தால் வட ஜப்பானில் எங்கள் குஜி ஊரில் வானிலை வரைபடத்தைப் பற்றித்தான் பேச்சு. சூரியனோடு வடக்கே நகரும் உயர் அழுத்தப் பட்டை, பசிபிக் கடல்மேல் பெரிய வட்டமாக உட்கார்ந்து, மெல்ல எங்கள் தலைக்கு மேலே வர வேண்டும். வந்தால் வெயில், நெல் விளையும். வராவிட்டால் வடக்கே ஓகாட்ஸ்க் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த உயர் அழுத்தம் எங்கள் பக்கம் காற்றைத் தள்ளும். அதற்கு யாமசே என்று பேர். மூடுபனியோடு வந்து, சூல்கட்டிய நெல்லைப் பதராக்கிவிட்டுப் போகும்.

பக்கத்து வீட்டு தொகுஜோ அந்த வருஷம் குளிர் தாங்காத தெற்கத்தி ரகம் நட்டிருந்தார். "உலகமே சூடாயிடுச்சு. இனிமே யாமசேயாவது கீமசேயாவது!" என்று விவசாயிகள் கூட்டத்தில் பேசினார். அதை மற்ற வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான். புல் வெட்டும் இயந்திரம் சுலபமாக ஓட, வரப்புகளையும் செதுக்கித் தாழ்த்திவிட்டார்.

பசிபிக் வட்டம் தெற்கேயே தங்கிவிட்டது. மடித்து வைத்த ஸ்வெட்டர்கள் வெளியே வந்தன. கதிர் தண்டுக்குள் இருக்கும் நேரம். ஒரு சாண் தண்ணீர் நிறுத்தினால், காற்றைவிட வெதுவெதுப்பான அந்தத் தண்ணீர் கதிருக்குப் போர்வையாகும். தொகுஜோவின் வரப்புக்குள் நாலு விரல் உயரம்தான் நிற்கும். பயிர் போனால் அந்த வீட்டுக்கு விற்கவும் இல்லை, தின்னவும் இல்லை.

அவர் மனைவி ஃபுகியே மண்வெட்டியோடு வந்தாள். நான் மூடுபனியில் துணி காயப்போடுகிற சாக்கில் வேலியோரம் நின்றேன்.

"வரப்ப ஒசத்தணும், வாங்க."

"ரெண்டு நாள்ல வெயில் வந்துரும். டிவில சொன்னாங்க," என்றார் தொகுஜோ.

"டிவிக்கு வந்தா போதுமா? நம்ம வயலுக்கு வர வேணாமா?"

"நானே தாழ்த்தினத நானே ஒசத்தினா ஊர்ல என்ன நெனப்பாங்க?"

ஃபுகியே என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நீங்களே சொல்லுங்க. என்ன நெனப்பீங்க?"

"நெனக்க வேண்டியதெல்லாம் எப்பவோ நெனச்சாச்சும்மா. இன்னொரு மண்வெட்டி இருந்தா குடு."

தொகுஜோ வீட்டுக்குள் போய்விட்டார். நாங்கள் பெரிய வயலுக்கு வரப்பை உயர்த்தி வாய்க்காலைத் திறந்துவிட்டோம். சின்ன வயலுக்கு எங்கள் முதுகு ஒத்துழைக்கவில்லை.

வெயில் ஆகஸ்ட் பாதியில்தான் வந்தது. அறுப்புச் சமயத்தில் பெரிய வயலில் கதிர் மணி பிடித்துத் தலை சாய்ந்தது. மகசூல் கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். சின்ன வயல் விறைப்பாக நின்றது. நசுக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. அதைத்தான் தொகுஜோ முதலில் அறுத்தார்.

"இது மாட்டுத் தீவனத்துக்குன்னே போட்டதுக்கா," என்றார் என்னிடம்.

ஃபுகியே பெரிய வயலின் புது அரிசிச் சோற்றை முதலில் அவருக்குத்தான் வைத்தாள். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டார்.