இருநூற்றுப் பதினான்கு பெயர்கள்

நாகப்பன் தோட்டத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும். ஏழு மணிக்குப் போனால் பூட்டுதான் தொங்கும்.

மந்தைவெளிக்குப் பின்னால், கால்வாய்க் கரையை ஒட்டி மூன்று சந்துகள். குழாயடியில் குடங்கள் இடிபடும் சத்தத்தோடுதான் அங்கே பொழுது விடியும். அந்த நேரத்துக்கே ஜெயபாரதி பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு குப்பை வண்டியோடு கிளம்பிவிடுவாள். மயிலாப்பூரில் ஏழு தெருக்கள் அவளுடைய பொறுப்பு. வாசல் வாசலாக வாளியைத் தூக்கிக் கவிழ்த்து, புளித்த சோற்றையும் மருந்து பாட்டிலையும் ரத்தம் தோய்ந்த பஞ்சையும் கையாலேயே பிரித்துப் போடுவாள். ஒப்பந்தக்காரர் கொடுத்த கையுறை இரண்டே வாரத்தில் கிழிந்துவிடும். அவள் விரலில் எப்போது பார்த்தாலும் ஒரு துணிச்சுற்று இருக்கும். அவளுக்குப் பின்னால் வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் கிளம்புவார்கள். மீன் வாங்கிவரக் காசிமேடு போகிறவர்கள் அதற்கும் முன்பே போயிருப்பார்கள். கடைசியாக, தி. நகர் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே விற்கும் பெண்கள், தலையில் ஈரம் காயாமல் பேருந்துக்கு ஓடுவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பதினோரு வருடமாக அந்தச் சந்தின் முனையில் இருக்கும் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். தெரிந்தேதான் நான் பகல் பதினோரு மணிக்குப் போனேன்.

வாக்காளர் பட்டியலைத் திருத்தும் வேலையை எங்களைப் போன்றவர்களிடம் கொடுத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்க வேண்டும். பூட்டியிருந்தால் மூன்று முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. காலையில் குழந்தைகளுக்குக் கஞ்சி, பாட்டு, எடை பார்ப்பது, மதியம் சாப்பாடு, இடையில் கிடைத்த நேரத்தில் படிவங்கள். நான் நாகப்பன் தோட்டத்துக்கு ஒரே ஒரு முறைதான் போனேன். எங்கள் மேற்பார்வையாளர் கல்யாணராமன் போனில் கூப்பிட்டார்.

"ப்ரியா, நாளைக்குச் சாயங்காலம் லிஸ்ட் மேல போயாகணும். என்னையும் விரட்டிண்டே இருக்கா. பூட்டியிருந்தா 'குடிபெயர்ந்தவர்'னு போட்டுடுங்கோ. ஆட்சேபம் இருந்தா அவாளே வருவா."

போட்டேன். மூன்று முறை போனதாகத் தேதிகளையும் எழுதினேன். என் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று காரணம் சொல்ல முடியாது. எனக்கு அசதி, மேலிடத்தைப் பார்த்தால் பயம். அவ்வளவுதான். பக்கம் பக்கமாகக் கோடு இழுத்தபோது பெயர்களைப் படிக்கக்கூட இல்லை.

படித்திருந்தால் ஜஹீதாவின் பெயர் கண்ணில் பட்டிருக்கும்.

ஜஹீதா என் அங்கன்வாடியின் உதவியாளர். இரண்டாவது சந்தில் பச்சைக் கதவு வீடு. பதினோரு வருடமாக நாங்கள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் மதியச் சாப்பாட்டைப் பிரிப்போம். பட்டியல் வெளியான அன்று, முட்டையை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னா டீச்சர், லிஸ்ட்டுல என் பேரக் காணோமே? என் மவன் பேரும் இல்ல. தோட்டத்துல பாதிப் பேர் பேரு இல்லன்றாங்க."

நான் தட்டைப் பார்த்தபடி, "கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பா இருக்கும் ஜஹீதா" என்றேன்.

"அதான் நானும் சொன்னேன். டீச்சர் எழுதுனது, தப்பா இருக்காதுன்னு."

அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஜுரமா என்று கேட்டாள்.

நான்காம் நாள் சுவர்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். கால்வாயை அகலப்படுத்த வீடுகளை எடுக்கப் போகிறார்கள். புதிய வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டுமே மாற்று வீடு; மற்றவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். ஜெயபாரதி அதை உரக்கப் படித்தாள். இருநூற்றுப் பதினான்கு பேர் ஒரே காலையில் ஓட்டும் இல்லாமல், வீடும் இல்லாமல் நின்றார்கள். ஜஹீதா மட்டும் வேறொன்று கேட்டாள். "நம்மள ஊர உட்டே அனுப்பிருவாங்களா?"

அன்று மாலை அங்கன்வாடியில் கூடினார்கள். குழந்தைகளின் பாய்களில் நாற்பது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சுவரில் யானையும் ஆப்பிளும். ஆட்சேபணைப் படிவங்களை நிரப்ப என் உதவியைத்தான் கேட்டிருந்தார்கள். முதல் படிவத்தில் ஜெயபாரதியின் பெயரை எழுதினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை.

"ஜெயா, கம்ப்யூட்டர் தப்பு இல்ல. நான்தான் எழுதினேன்" என்றேன். "ஒரு தடவதான் வந்தேன். மூணு தடவ வந்ததா எழுதினேன். நீங்க யாரும் இங்க இல்லன்னு கையெழுத்துப் போட்டேன்."

ஒருவர் எழுந்து கெட்ட வார்த்தையில் திட்டினார். ஜெயபாரதி அவரை உட்காரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வெடிகாலைல எங்க புள்ளைங்களத் தூக்கத்தோட எழுப்பி, உன்ன நம்பி உட்டுட்டுப் போறோம். சாயங்காலம் வரிக்கும் நீதான் வச்சிக்கினு கீற. அந்தப் புள்ளைங்கோ எந்த வூட்லேர்ந்து வருதுன்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சே எழுதிக்கீற."

"ஆமா."

ஜஹீதா எழுந்து போய்ச் சமையல் மேடையில் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அழாத," என்றாள் ஜெயபாரதி. "நீ அழுது எங்களுக்கு இன்னா ஆவப் போவுது? இப்ப சொன்னியே, அத எழுதிக் குடுப்பியா?"

குழந்தைகளின் வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கல்யாணராமனுக்கு விஷயம் போய்விட்டது.

"உங்களுக்கு என்ன பைத்தியமா? வேலை போயிடும். எனக்கும் மெமோ வரும். அந்தப் பேப்பரைத் திருப்பி வாங்கிடுங்கோ" என்றார்.

"நீங்களும் ஒண்ணு எழுதிக் கொடுங்க சார். போன்ல என்ன சொன்னீங்கன்னு" என்றேன். அவர் இணைப்பைத் துண்டித்தார்.

படிவம் கொடுப்பதோடு நிற்கக் கூடாது, தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரையும் பார்க்க வேண்டும் என்று ஜெயபாரதிதான் சொன்னாள். அவர் சுயம்புலிங்கம். தெற்கத்திக்காரர். தி. நகரில் நாலு மாடி ஜவுளிக்கடை. எல்லாருக்கும் அண்ணாச்சி. காலை ஒன்பது மணிக்கு நாங்கள் பத்துப் பேர் போனபோது ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, காலங்காத்தால கூட்டமா வந்து நிக்கிய?"

ஜெயபாரதி மனுவை நீட்டினாள். என் வாக்குமூலத்தின் நகலும் அதில் இருந்தது. இரண்டையும் படித்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

"இது தேர்தல் வேலை. நான் தலையிட முடியாதும்மா."

"அண்ணாச்சி, போன தபா எத்தினி ஓட்டுல ஜெயிச்சீங்க?"

"நூத்தித் தொண்ணூறு. எதுக்குக் கேக்க?"

"நாங்க இருநூத்திப் பதினாலு பேரு அங்க இல்லவே இல்லன்னு எழுதிக்கீது. நாங்க இல்லன்னா உங்கள ஜெயிக்க வச்சது யாரு?"

அண்ணாச்சி சிரிக்கப் போனார்; சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "சரிம்மா, என்ன செய்யணும்ங்கிய?"

"சட்டசபைல எழுந்து கேளுங்க. இதுமாரி வேற எந்த ஊர்ல எத்தினி பேர அடிச்சாங்கன்னு கேளுங்க. வியாழக்கெழம எங்களுக்கு விசாரணை. அங்க வந்து எங்ககூட உக்காருங்க."

"தலைமையக் கேக்காம நான் வாயத் தொறக்க முடியாது. சீட்டுக் குடுக்கப் போற நேரம். ஒங்களுக்கு அரசியல் தெரியாதும்மா."

அதுவரை ஜஹீதா ஓரமாக நின்றிருந்தாள். முன்னே வந்தாள். "நீங்க பதவிக்கு வந்தப்ப எதும்மேல சத்தியம் பண்ணீங்கோ?"

"அரசியலமைப்புச் சட்டத்து மேலதான்."

"தலைமைய கேட்டுக்கினு காப்பாத்துவேன்னா அதுல இருந்திச்சு?"

அண்ணாச்சியின் முகம் சிவந்தது. அந்தக் கோபத்தை என் பக்கம் திருப்பினார். "நீதான டீச்சரு? செய்யறத எல்லாம் செஞ்சிட்டு இப்ப இவங்களக் கூட்டிட்டு வந்திருக்கியா? இது மேல போனா ஒன் வேல இருக்காது, தெரியும்லா?"

"தெரியும் சார்."

"பயமில்லையா?"

"இருக்கு. அன்னிக்கும் இதே பயம்தான். பயந்துக்கிட்டே பொய்யில கையெழுத்துப் போட்டேன். இப்பவும் பயந்துக்கிட்டுதான் உண்மைல போட்டிருக்கேன். நீங்க பயப்படாதீங்கன்னு சொல்ல வரல சார். எனக்கு அந்தத் தகுதி இல்ல. பயத்தோடயே எழுந்து நின்னு கேளுங்க."

அவர் ஊதுபத்திச் சாம்பலை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். "கடை தொறக்கணும்," என்றார் கடைசியாக. "கிளம்புங்க."

நாங்கள் திரும்பும்போது புடவைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். மதுமதி. மூன்றாவது சந்துக்காரி. அவளுக்குப் பின்னால் சீருடைப் புடவையில் இன்னும் பதினோரு பேர்.

"அண்ணாச்சி, வியாழக்கெழம எங்க பன்னெண்டு பேருக்கும் லீவு வோணும்."

"முகூர்த்த சீசன்ல பன்னெண்டு பேருமா? வெளயாடுதியளா?"

"எங்க பேரும் அந்த லிஸ்ட்டுல இல்ல."

"நீயும் அங்கயா இருக்க?"

"ஆறு வருசமா ஒங்க கடைலதான் நிக்கிறேன். எங்கேர்ந்து வர்றேன்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்லியே அண்ணாச்சி."

அவர் லீவு கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

புதன்கிழமை என் கைக்கு பணியிடைநீக்க உத்தரவு வந்தது. தற்காலிகம் என்று போட்டிருந்தார்கள். அங்கன்வாடிச் சாவியை ஜஹீதாவிடம் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை மயிலாப்பூரின் ஏழு தெருக்களில் குப்பை எடுக்கவில்லை. காரணத்தை ஜெயபாரதி முந்தின நாளே ஒவ்வொரு வாசலிலும் சொல்லியிருந்தாள். சிலர் முணுமுணுத்தார்கள். ஆறு பேர் விசாரணைக் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். அதில் அபயாம்பாள் என்ற ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர், மடக்கிய குடையோடு தேர்தல் அதிகாரியின் மேசை முன்னால் போய் நின்று ஜெயபாரதியைக் காட்டினார். "பத்து வருஷமா தெனம் காலம்பற எங்காத்து வாசல்ல இவ குரலத்தான் கேக்கறேன். இவ குடிபெயர்ந்துட்டான்னு எழுதினா நான் எப்படி ஒத்துக்கறது? சாட்சி வேணும்னா என்னை எழுதிக்கோங்கோ."

இருநூற்றுப் பதினான்கு பேரில் இருநூறுக்கு மேல் வந்திருந்தார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். கூடம் நிறைந்து, மாடிப்படி நிறைந்து, வாசலில் வேப்பமரத்தடி வரை உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி ஒவ்வொரு பெயராக விசாரித்தார். மின்சாரம் ஒருமுறை நின்று வந்தது.

பன்னிரண்டு மணிக்கு அண்ணாச்சி வந்தார். தோளில் கட்சித் துண்டு இல்லை; கூட ஆளும் இல்லை. நேராக ஜெயபாரதியிடம் போனார்.

"சபையில கவன ஈர்ப்புக்கு எழுதிக் குடுத்துட்டேன். எடுப்பாங்களா மாட்டாங்களான்னு தெரியாது. அதுக்குள்ளயே கட்சியில வெளக்கம் கேட்டுட்டாவ. நான் எங்கன உக்காரணும்?"

மதுமதி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள். முதலாளிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அவளும் சற்றுக் கூச்சத்தோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

ஜஹீதாவின் முறை வந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு அதிகாரி அவளிடம் கேட்டார். "இவங்க பொய்யா எழுதினதா இவங்களே சொல்றாங்க. இவங்க மேல நீங்க புகார் கொடுக்கிறீங்களா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"குடுக்கிறேன் சார்," என்றாள் ஜஹீதா. "பதினோரு வருசம் ஒண்ணா சாப்ட்டோம். என் பேர அடிச்சிட்டாங்க. கேட்டப்ப கம்ப்யூட்டர்னு பொய் சொன்னாங்க. எழுதிக்கோங்க."

அதிகாரி எழுதினார்.

"இன்னொண்ணும் எழுதுங்க. யாரும் கேக்கறதுக்கு முன்னால அவங்களா வந்து சொன்னாங்க. வேல போவும்னு தெரிஞ்சும் சொன்னாங்க. இவங்க மட்டும் தானா எழுதல. சீக்கிரம் முடி, சீக்கிரம் முடின்னு மேலேர்ந்து ஒருத்தர் சொல்லிக்கீறாங்க. அவுங்களுக்கு மேல யாரோ சொல்லிக்கீறாங்க. அவுங்க பேரையும் வுடாம எழுதுங்க. என் புகாரு எல்லார் மேலயும்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "மேல இருக்கறவங்க பேரெல்லாம் நான் எழுத முடியாதும்மா."

பெஞ்சிலிருந்து அண்ணாச்சி எழுந்தார். "அவங்க சொல்லுதத அப்படியே எழுதுங்க சார். எழுதலைன்னா, எழுதலைங்கறதையும் நான் சபையில சொல்ல வேண்டி வரும்."

அதிகாரி குனிந்து எழுதினார். உத்தரவு இன்று வராது, எல்லாரையும் விசாரித்த பிறகுதான், அதற்குப் பத்து நாள் ஆகலாம் என்றார். கால்வாய் வேலை நிற்குமா என்று ஜெயபாரதி கேட்டதற்கு, அது தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

மேசையை விட்டு நகரும்போது ஜஹீதா என் கையைப் பிடித்தாள். பாத்திரம் தேய்த்துச் சொரசொரத்துப்போன கை. இத்தனை நாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். 'டீச்சர்' என்று கூப்பிடவில்லை.

"எனக்கு இன்னும் கோவம் போவல. ஆனா நீ எங்கியும் போயிடாத ப்ரியா. அடுத்து கீறவங்களுக்கெல்லாம் நீதான் சாட்சி."

பெஞ்சில் அவளுக்கும் ஜெயபாரதிக்கும் நடுவில் எனக்கு இடம் கிடைத்தது. வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தவர்களுக்கு யாரோ தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் நூற்று எழுபது பேருக்கு மேல் பாக்கி இருந்தார்கள். அதிகாரி அடுத்த தாளைப் புரட்டி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"மஹ்விஷ். மூன்றாவது சந்து. இருக்காங்களா?"

மாடிப்படியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவளுக்கு வழிவிட, படி முழுக்க உட்கார்ந்திருந்த எல்லாரும் எழுந்து நின்றார்கள்.