அசைந்தவள்

கண்ணாடி நெகடிவ் தகட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்ததும் லீனா தன் தங்கையைக் கண்டுகொண்டாள். செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சி முடிந்து, அதன் வெள்ளை அரண்மனைகளை இப்போது பலகை பலகையாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டுடியோவில் நினைவு ஆல்பம் தயாராகிக்கொண்டிருந்தது. படமெடுத்தபோது அசையாமல் நின்றவர்கள் தகட்டில் தெளிவாக விழுந்திருந்தார்கள். அசைந்தவர்கள் புகையாகியிருந்தார்கள். அந்தப் புகைகளைச் சாயம் பூசி மறைப்பதுதான் லீனாவின் வேலை.

கண்காட்சி ஏரிக்கரையின் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நின்ற தங்கை ஹெடியின் கறுப்பு உடை, நெகடிவில் வெளுப்பாக, மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. கழுத்துக்கு மேலே வெறும் தீற்றல். "ஐஸ்கிரீம் உருகுதுடி, சீக்கிரம் வா!" என்று அன்று பின்னாலிருந்து கத்தியது லீனாதான். ஹெடி சிரித்துக்கொண்டே திரும்பினாள். இலையுதிர் காலத்தில் டைஃபாய்டு அவளைக் கொண்டுபோயிற்று. வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை.

"மூஞ்சி இல்லாத பொண்ணை எவன் காசு குடுத்து வாங்குவான்?" என்றார் முதலாளி டல்லி. "ஒண்ணு மூஞ்சியை வரைஞ்சுடு. இல்லே, ஆளையே மறைச்சிடு. நாளைக்கு அச்சுக்குப் போவணும்."

அன்று இரவுச் சாப்பாட்டில், லீனா தகட்டைப் பற்றிச் சொன்னதும், அம்மா ரொட்டியைத் தொடவில்லை. "யார் யாருக்கோ கண்ணும் மூக்கும் தீட்டறே. கூடப்பொறந்தவளுக்கு ஒரு மொகம் தர உனக்குக் கை வராதா?"

மறுநாள் லீனா பென்சிலைச் சீவிக்கொண்டு தகட்டின் முன் உட்கார்ந்தாள். கை பழகிய வழியில் போயிற்று. நேரான மூக்கு, மூடிய உதடுகள், வாடிக்கையாளர்களுக்குப் பிடித்த அடக்கம். நல்ல பெண்தான். ஆனால் அவள் யார் கூப்பிட்டும் திரும்பியவளாகத் தெரியவில்லை. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அம்மா அழுது முத்தமிடுவாள். வருடங்கள் போகப்போக லீனாவுக்கும் இந்த முகமே ஞாபகமாகிவிடும். டர்பன்டைன் எண்ணெயில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். தீற்றல் திரும்ப வந்தது.

"எனக்கு மட்டும் ஒரு பிரதி எடுத்துக்கறேன். அப்புறம் மறைச்சிடறேன்" என்றாள் டல்லியிடம்.

"மூஞ்சி இல்லாமயா?"

"ஆமா, இப்படியேதான்."

டல்லி தோளைக் குலுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

தகட்டையும், வெளிச்சம் பட்டால் கறுக்கும் தாளையும் அச்செடுக்கும் சட்டத்தில் சேர்த்துச் சன்னலோரம் வைத்தாள். பிப்ரவரி வெயில் சோம்பலாக இறங்கியது. தாளில் முதலில் கறுத்தது அந்த உடைதான். பிறகு கைப்பிடியில் ஊன்றிய கை. அதற்கும் மேலே, பாதி கலைந்த கூந்தலோடு, இந்தப் பக்கமாக ஒரு திரும்பல். பின்னால் வெள்ளை அரண்மனைகள் இருக்கவேண்டிய இடம் இன்னும் வெறும் தாளாகவே இருந்தது.