எங்கள் தெருவின் அகலம்

பூமாரிக்காவின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லாமல் போனதற்கு ரஷீது என்கிற நான்தான் காரணம். வேறு எவனாவது காரணமாக இருந்திருந்தால் வாயாரத் திட்டியாவது ஆறியிருப்பேன். அந்தக் கொடுப்பினையும் இல்லை.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவைப் பீப்பாய்க்காரன் தெரு என்பார்கள். துறைமுகத்திலிருந்தும் எண்ணூர்க் கம்பெனிகளிலிருந்தும் வருகிற காலி டிரம்களைக் கழுவி விற்கிற கடைகள் இங்கே அதிகம். என் கடையும் அதில் ஒன்று. டிரம்மையெல்லாம் கடைக்குள் அடுக்கினால் நாங்கள் எங்கே நிற்பது? அதனால் பாதி ரோடு எங்களுடையது. டயர், தார்ப்பாய், பழைய இரும்பு எல்லாமே வெளியேதான் கிடக்கும். என் கடைக்கு எதிரே கரண்ட் கம்பத்தடியில் பூமாரிக்காவின் இட்லி வண்டி. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். புருஷன் போன பிறகு இருபத்திரண்டு வருஷமாக அதே கம்பத்தடியில் இட்லியும் வடகறியும் போடுகிறார். லோடு அடிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அங்கேதான் நாஸ்தா.

ஆக்கிரமிப்பு எடுக்க கார்ப்பரேஷன் லாரி வந்தால், முதலில் பார்க்கிறவன் காலி டிரம்மில் மூன்று தட்டு தட்ட வேண்டும். இது எங்கள் தெருவின் சட்டம். அடுத்த ஐந்து நிமிஷத்தில் ரோட்டில் கிடந்ததெல்லாம் உள்ளே போய்விடும். யார் சரக்கு, யார் கடை என்று பார்ப்பதில்லை. எதிரே இருப்பதை இழுத்து உள்ளே போடுவோம், பிறகு பிரித்துக்கொள்வோம். அக்காவின் வண்டியை லாரி இரண்டு முறை தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அதனால் அவர் வண்டிக்குத்தான் முதல் மரியாதை.

ஆறு மாதத்துக்கு முன் மஞ்சள் சட்டை போட்ட நாலு பேர், அளக்கிற சக்கரத்தை உருட்டிக்கொண்டு தெருமுனையில் வந்து நின்றார்கள். பார்த்ததும் நான்தான் தட்டினேன். மூன்று நாள் வந்தார்கள், மூன்று நாளும் தெரு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அத்தோடு விட்டேனா? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, எங்கள் தெரு எப்போதும் இப்படித்தான், ரோட்டில் ஒரு கடை கிடையாது என்று பெருமை வேறு அடித்தேன். அதையே எழுதிய ஒரு பேப்பரில், வியாபாரிகள் சங்கச் செயலாளர் என்று கையெழுத்தும் போட்டேன்.

அவர்கள் வந்தது ஆக்கிரமிப்பு எடுக்க இல்லை. திருவொற்றியூரிலிருந்து யானைக்கவுனி வரை பஸ் மட்டுமே போகிற தனிப்பாதை போடப் போகிறார்களாம். நடுரோட்டில் இரண்டு பக்கமும் வேலி கட்டி, வேறு வண்டி உள்ளே வராமல் பஸ் மட்டும் பறக்குமாம். அதற்கு அகலமான தெரு தேடியிருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் எங்கள் தெருவைப் போல் அகலமான தெரு வேறு இல்லை என்று முடிவாகிவிட்டது.

எங்களுக்காவது நான்கு சுவர் இருக்கிறது. ரோட்டோரத்தில் விற்கிறவர்களுக்குப் பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில் இடம் ஒதுக்குகிறார்கள், ஆனால் அந்த மஞ்சள் சட்டைக்காரர்கள் எடுத்த கணக்கில் பெயர் இருந்தால்தான். எங்கள் தெருவுக்கு நேரே ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. என் கையெழுத்தோடு.

திட்ட ஆபீசுக்கு ஏழு முறை நடந்தேன். அங்கே திலீப் என்று ஒரு இன்ஜினியர். சின்ன வயசு, நல்ல மனுஷன், அதனால் கோபப்படவும் வழியில்லை. பாதையை இனி மாற்ற முடியாது என்றார். பூமாரிக்காவின் பெயரையாவது சேருங்கள் என்று கெஞ்சினேன். கடைசியில் ஒரு வழி சொன்னார்.

"வியாழக்கிழமை பத்து மணிக்கு மண்ணு டெஸ்ட் பண்ண வரோம். அந்தம்மா அவங்க இடத்துல வியாபாரம் பண்றத என் கண்ணால பாத்தா, போட்டோ எடுத்து எழுதிக்கறேன். அன்னிக்கே லிஸ்ட் மூடுறாங்க பாய்."

கடை கடையாக ஏறி இறங்கிச் சொன்னேன். வியாழக்கிழமை எவனும் எதையும் உள்ளே வைக்கக் கூடாது, ஆபீசர் ஜீப்பில் வருவார், பயப்படாதீர்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பூமாரிக்கா அன்றைக்குப் புதுப் புடவை கட்டிக்கொண்டு, வண்டிக்குக் குங்குமப் பொட்டெல்லாம் வைத்திருந்தார்.

பத்து மணிக்குத் தெருமுனையில் ஜீப் வந்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். திலீப் இறங்கி, மண் தோண்டுகிற மெஷினோடு லாரி தெருவின் அந்தக் கோடியிலிருந்து வருகிறது என்றார். லாரி என்ற வார்த்தை காதில் விழுந்தும் என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. டீ சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கேட்டது. டம், டம், டம்.

அந்தக் கோடியில் இரும்புக்கடை சங்கரநாராயணன். தங்கமான மனுஷன். லாரியைப் பார்த்ததும் கை தானாகப் போயிருக்கிறது. "தட்டாதீங்கடா" என்று கத்திக்கொண்டே ஓடினேன். டிரம் உருளுகிற சத்தத்தில் யார் காதில் விழும்? நான் போய்ச் சேருவதற்குள் தெரு சுத்தமாகிவிட்டது. கரண்ட் கம்பத்தடியில் வடகறி சிந்திய ஈரம் மட்டும் இருந்தது. டயர்க்கடை மொஹ்சின் என் கடை ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, அதன் முன்னால் காலை அகட்டி நின்றிருந்தான்.

"வண்டி உள்ள பத்திரமா கீது பாய். நீ பேஜார் ஆவாத" என்றான்.

திலீப் பின்னாலேயே நடந்து வந்தார். அக்கா உள்ளேதான் இருக்கிறார், இதோ வெளியே தள்ளச் சொல்கிறேன் என்று ஷட்டரைப் பிடித்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்ப தள்ளி நிறுத்தினா அது எனக்காக நிறுத்தினதுதானே பாய்? நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்த பேப்பர் மேலிடத்துல இருக்கு. எதை வெச்சு நான் மாத்துவேன்?"

"உள்ள கீறாங்க சார். சத்தியமா கீறாங்க."

"தெரியுது" என்றார். அதோடு காலித் தெருவை நாலு போட்டோ எடுத்தார். இங்கே டெஸ்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று லாரியை அடுத்த இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறினார்.

ஷட்டரைத் தூக்கினேன். டிரம்களுக்கு நடுவில் இட்லிப் பானையிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. புதுப் புடவை முழுக்க கிரீஸ். பூமாரிக்கா இரண்டு கையாலும் வண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"லாரிக்காரனுங்க போய்ட்டானுங்களா பாய்?"

"போய்ட்டாங்கக்கா."

"நல்லவேள, நம்ம புள்ளைங்க ஜல்தியா இஸ்துகினு வந்துட்டானுங்க. இல்லாங்காட்டி வண்டி போயிருக்கும்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் காலால் தள்ளிவிட்டு, வண்டியை வாசல் பக்கம் திருப்பினார்.

"கொஞ்சம் ஒரு கை குடு பாய். ஆபீசர் வர்றதுக்குள்ள எடத்துல வுட்டுடணும்."

நானும் ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினேன்.